டிகிரி திறந்துவிட்ட மைதானம்

ஓர் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரரின் ஐந்து ஆண்டுகள். அதில் காரைக்குடிக்கு என்ன வேலை?

2019 டிசம்பர் 14, நியூயார்க். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் கோப்பையை வாங்க ஜோ பரோ மேடையேறினார். வயது 23. லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக். வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவரைவிட 1,846 புள்ளிகள் அதிகம். அந்தக் கோப்பையின் வரலாற்றில் அதுவரை யாரும் அத்தனை வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை. அப்படிப்பட்டவர் நாலு வாக்கியம் பேசுவதற்குள் தொண்டை அடைத்து நின்றார். தனக்கு அரணாக நின்ற முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு நன்றி சொன்னார், பயிற்சியாளர்களுக்குச் சொன்னார். பிறகு பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியது. ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஏதென்ஸ் என்ற சின்ன ஊர். அந்த வட்டாரம் ஏழ்மையானது, பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் சாப்பிட ஒன்றும் இல்லாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்காகவும்தான் இந்த மேடையில் நிற்கிறேன் என்றார்.

பேச்சைக் கேட்டவர்கள் ஏதென்ஸ் வட்டாரத்தின் இலவச உணவு வங்கிக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் அது 5 லட்சம் டாலரைத் தாண்டியது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், வசதி உள்ளவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் இருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். அதே ஆண்டு காரைக்குடியில் கல்லூரி திறந்தாயிற்று. ஒரு பேச்சு, ஒரு கொடை, ஒரு கல்லூரி. இன்றைக்குக் காரைக்குடியில் மாலை நாலு மணிக்கு மேல் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் பையன்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் அந்தக் கொடையின் மண்ணில்தான் ஓடுகிறார்கள்.

அப்படியானால் ஏதென்ஸ் பையனுக்கு வாய்த்ததும் நம்முடைய பையனுக்கு வாய்க்காததும் என்ன? நிலம், கல்லூரி, கொடையாளர், ஓடத் தெரிந்த பிள்ளை என எல்லாம் நம்மிடமும் உண்டு. பரோவின் ஐந்து ஆண்டுகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

மூன்று விநாடி வேலை

முதலில் ஆட்டம். நீள்வட்டப் பந்து, 100 கெஜ மைதானம், பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக் கைக்குப் பந்து வருவதில் தொடங்குகிறது. வந்த நொடியில் எதிரில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் அவரைத் தரையில் சாய்ப்பதற்காகவே பாய்கிறார்கள். யார் எங்கே ஓடுகிறான், எந்த இடைவெளி திறக்கப்போகிறது, எறிவதா, பக்கத்தில் இருப்பவன் கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா எல்லாவற்றையும் மூன்று விநாடிக்குள் முடிவுசெய்ய வேண்டும். கபடியில் பாடிப் போகிறவருக்கு 30 விநாடி உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கு இது.

அந்த மூன்று விநாடியை யாரும் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. எதிரணித் தடுப்பு வரிசையின் நிற்பைப் பார்த்தே அடுத்து நடக்கப்போவதைக் கணிக்கிற கண், ஆட்டம் ஆடி ஆடித்தான் வரும். ஒருவன் எத்தனை நல்லவனாக இருந்தாலும் வெளியே உட்காரவைத்தால் அந்தக் கண் மங்கும். பரோவுக்கு அதுதான் நேர்ந்தது.

அவர் அப்பா ஜிம்மி பரோ, ஏதென்ஸில் உள்ள ஒஹாயோ பல்கலைக்கழக அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர். பையன் ஏதென்ஸ் உயர்நிலைப்பள்ளியில் ஆடினான். 2014-ல் மாநில இறுதிப்போட்டி வரை அணியைக் கொண்டுபோய் 56–52 என்ற கணக்கில் தோற்றான். அந்த ஒரே ஆட்டத்தில் அவன் எறிந்தது ஆறு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது). மாநிலத்தின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர் விருது அவனுக்குத்தான். அதோடு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முழு உதவித்தொகையும் கிடைத்தது. லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம், நாடு முழுக்கப் பேர்பெற்ற அணி. ஊரே கொண்டாடியது.

போய்ச் சேர்ந்த இடத்தில் மூன்று ஆண்டுகள் பெஞ்சு. முதல் வருடம் ஆடவே இல்லை. அடுத்த இரண்டு வருடம் ஜே.டி. பாரெட் என்ற மூத்தவருக்கு மாற்று ஆள். 2017-ல் சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்னால் பந்து எறியும் கையில் எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் ட்வெய்ன் ஹாஸ்கின்ஸ் என்ற இளையவர் முந்திக்கொண்டார். மூன்று ஆண்டில் ஆட்டக் களத்தில் பரோ எறிந்த பந்துகள் மொத்தம் 39.

நம் ஊரில் இப்படி ஒரு பையன் வீட்டுக்கு வந்தால் என்ன சொல்வோம்? "போதும் தம்பி, இத்தனை நாள் விளையாடினதே போதும். டிகிரியை முடிச்சுட்டு ஒரு வேலையைப் பாரு." சொல்லாத அப்பா யார்?

வேடிக்கை என்னவென்றால், பரோ செய்ததும் ஏறக்குறைய அதைத்தான். நாலு வருடப் படிப்பை மூன்றே வருடத்தில் முடித்தார். குடும்ப நிதி மேலாண்மை சார்ந்த பாடத்தில் 2018-ல் பட்டம். அன்றைய விதிப்படி ஓர் ஆட்டக்காரர் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால், புது இடத்தில் ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு: மேற்படிப்புக்குச் சேர்ந்து, அன்றே சீருடை மாட்டலாம். (இந்தக் காத்திருப்பு விதியை 2021-ல் தளர்த்திவிட்டார்கள். பரோவின் காலத்தில் கண்டிப்பாக இருந்தது.) அதாவது படிப்பை முடித்ததால்தான் அவருக்கு ஆட இடம் கிடைத்தது. மூன்று வருடம் பெஞ்சில் இருந்தவன் செமஸ்டர் பேப்பரையும் கோட்டை விட்டிருந்தால், நான்காவது வருடமும் அதே பெஞ்சுதான்.

விளையாட்டா படிப்பா என்று வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கில் நம் அப்பா அம்மாக்கள் சொல்வதில் தப்பில்லை என்று இந்த இடத்தில் ஒத்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: டிகிரி கையில் வந்த பிறகு பையன் போய் நிற்க ஒரு களம் இருக்கிறதா?

அறுபது

பரோவுக்கு இருந்தது. 2018-ல் லூயிசியானாவின் பேட்டன் ரூஜுக்குப் போனார். பயிற்சியாளர் எட் ஆர்ஜெரான், வந்த பையனை நம்பி அணியைக் கொடுத்தார். முதல் வருடம் சுமார்தான்: 16 டச்டவுன். பத்து வெற்றி, மூன்று தோல்வி. தொழில்முறை அணிகள் யாரும் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. இங்கே முக்கியமானது அந்த எண்ணிக்கை: 13 ஆட்டம். வாரத்துக்கு ஒன்றாக, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், நிறைந்த மைதானத்தில், தொலைக்காட்சியில். தோற்றால் அடுத்த சனிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. மூன்று வருடத்தில் 39 பந்து எறிந்தவன் ஒரே சீசனில் நூற்றுக்கணக்கில் எறிந்தான்.

அடுத்த வருடம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிராடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து, எறிந்து ஆடும் உத்திகளைப் புதிதாக அமைத்துக் கொடுத்தார். அப்பா ஜிம்மி, மகன் ஆடுவதைப் பார்ப்பதற்காகவே பயிற்சியாளர் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததைக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். 527 பந்துகளில் 402 சரியான ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 5,671 கெஜம். 60 டச்டவுன். நவம்பரில் அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 46–41 என்று வீழ்த்தினார்கள். அரையிறுதியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதிக்குள்ளேயே ஏழு டச்டவுன். 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் கிளெம்சனை 42–25 என்று வென்று, 15 ஆட்டத்தில் 15 வெற்றியோடு தேசியப் பட்டம். மூன்று மாதம் கழித்து, தொழில்முறை லீக்கின் வருடாந்திரத் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை எடுத்தது.

60 என்ற எண் ஒரே சீசனுக்கான சாதனை. அது நிற்கவில்லை, 2021-ல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஜாப்பி 62 எறிந்தார். ஜாப்பி தொழில்முறைத் தேர்வில் நாலாவது சுற்றில்தான் எடுக்கப்பட்டார், அதற்கப்புறம் அணி அணியாக மாறிக்கொண்டிருக்கிறார். எண் மட்டும் ஒருவனைக் கரையேற்றுவதில்லை.

பரோவின் பின்கதையும் நேர்கோடாகப் போகவில்லை. 2020 நவம்பரில் இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. மீண்டு வந்து 2022 பிப்ரவரியில் அணியைத் தொழில்முறை லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் வரை கொண்டுபோய் 23–20 என்று தோற்றார். 2023 செப்டம்பரில் ஐந்து வருடத்துக்கு 27.5 கோடி டாலர் ஒப்பந்தம். இரண்டே மாதத்தில் மணிக்கட்டுக் காயம். 2025-ல் கால் பெருவிரலில் அறுவை சிகிச்சை. சம்பளக் கணக்கைப் படிக்கிறவர்கள் காயக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அங்கேயும் அழுக்கு உண்டு

அமெரிக்க ஏற்பாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆட இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்த 2019 சீசனில் பரோவுக்குச் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவு, அவ்வளவே. அவரை ஆடவைத்த பயிற்சியாளருக்குக் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள ஊதியம். இந்த அநியாயம் நீதிமன்றம் வரை போய், 2021 ஜூலையிலிருந்துதான் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற வழக்குத் தீர்வின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். இப்போது நிலைமை தலைகீழ்: பணம் அதிகம் தரும் கல்லூரியைத் தேடி வருடா வருடம் அணி மாறுகிறார்கள், படிப்பு எங்கே போனது என்று அங்கேயே கவலைப்படுகிறார்கள்.

அதைவிடப் பெரியது உடம்பு. மூளையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நோயைப் பற்றி 2017-ல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு, இறந்தபின் தானமாகக் கிடைத்த மூளைகளைச் சோதித்தது. கல்லூரி அளவில் மட்டும் ஆடிய 53 பேரில் 48 பேருக்கு அந்த நோய். நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் கொடுத்திருக்கும் என்பதால், ஆடுகிற எல்லோருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பயம் பயம்தான். கல்லூரியில் ஆடுகிறவர்களில் தொழில்முறை லீக்குக்குத் தேர்வாகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கையில் மிஞ்சுவது டிகிரி மட்டும். அதுவும் ஒழுங்காகப் படித்திருந்தால்.

ஆக, அந்த ஆட்டத்தைச் செட்டிநாட்டுக்கு இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. நம் பையன்களுக்குக் கபடியும் கால்பந்தும் இருக்கின்றன. பொங்கலுக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டின் குறுக்கே நிற்கும் துணிச்சலும் இருக்கிறது. அமெரிக்கர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சரக்கு ஒன்றே ஒன்று: சனிக்கிழமை.

கண்டனூரிலிருந்து ஒருவர்

காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூர். 2001-ல் அங்கே பிறந்த சிவசக்தி நாராயணன், 2020 வாக்கில் பெங்களூரு எஃப்சி கால்பந்து அணியின் பார்வையில் பட்டார். நேரே பெரிய அணிக்கு அல்ல, இளையோர் அணிக்கு. 2022-ல் இளம் ஆட்டக்காரர்களுக்கென்று கோவாவில் நடந்த முதல் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக்கை பெங்களூருவின் அந்த அணிதான் வென்றது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பை இறுதிப்போட்டி. எதிரணி மும்பை சிட்டி. பத்தாவது நிமிடத்தில் கண்டனூர்ப் பையன் அடித்த கோல்தான் முதல் கோல். பெங்களூரு 2–1 என்று கோப்பையை எடுத்தது.

அதற்கடுத்த மாதங்களில் நடந்தது இன்னும் சுவையானது. பெங்களூருவின் அடையாளமே சுனில் சேத்ரி. இந்தியக் கால்பந்தின் அடையாளமும் அவர்தான். பயிற்சியாளர் சைமன் கிரேசன் அந்த சீசனின் பின்பாதியில் சேத்ரியை வெளியே உட்காரவைத்து, ராய் கிருஷ்ணாவோடு சிவசக்தியை முன்வரிசையில் இறக்கினார். அணி லீக் ஆட்டங்களை வரிசையாக எட்டு ஜெயித்தது. மூத்தவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் அணி ஜெயித்துக்கொண்டிருந்ததால் அந்தத் தீர்மானத்தை யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதிப்போட்டி. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி அடிபட்டு வெளியேற, அவர் இடத்தில் இறங்கியது சேத்ரி. 2–2 என்று முடிந்து, பெனால்டி ஷூட்-அவுட்டில் 4–3 என்று மோகன் பகானிடம் கோப்பை போனது. அந்த சீசனின் வளரும் ஆட்டக்காரர் விருது சிவசக்திக்கு.

முடிவைவிட வழியைக் கவனியுங்கள். சிவசக்தியைப் பெரிய களத்துக்குக் கொண்டுபோனது எந்தக் கல்லூரி அணியும் அல்ல. ஒரு கிளப், அதன் இளையோர் அணி, ஒரு லீக். கிரிக்கெட் வீரர் அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் பொறியியல் படித்தவர்தான், ஆனால் அவரைப் பட்டை தீட்டியது சென்னை கிரிக்கெட் லீக்கின் கிளப் ஆட்டங்கள். நம்முடைய கல்லூரிகள் விளையாட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன, சான்றிதழ் கொடுக்கின்றன, ஆடவைப்பதில்லை.

சேர்த்துக்கொள்வதில் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் உண்டு. அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு தனியாக நடக்கிறது. 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் உண்டு. எல்லாம் நல்லதே. ஆனால் ஒரு கல்லூரி மாணவனின் ஆட்டக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஸோன் போட்டி, அதில் ஜெயித்தால் பல்கலைக்கழக அளவில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அங்கிருந்து செலக்‌ஷன், பிறகு தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி. எல்லாமே நாக்‌அவுட் முறையில் தொடங்கி சில நாளில் முடிகிற சமாசாரம். முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பஸ் ஏற வேண்டியதுதான். அந்த வருடத்துக்கு அவ்வளவே. மூன்று வருடப் படிப்பில் ஒரு நல்ல ஆட்டக்காரன் கல்லூரிச் சட்டை போட்டு ஆடும் ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒஹாயோவில் பெஞ்சில் இருந்த பரோவின் நிலைமை விபத்து. இங்கே அணியில் இடம் பிடித்தவனுக்கும் ஏறக்குறைய அதே நிலைமை, ஏற்பாடே அப்படி.

மூன்று விநாடியில் முடிவெடுக்கும் கண் இப்படி வராது. கோல் வலைக்கு முன்னால் நிதானம் இப்படி வராது. தோற்ற ஆட்டத்திலிருந்து எதையும் கற்றுக்கொள்ள அடுத்த ஆட்டம் வேண்டுமே?

இதற்குக் கோடிகள் தேவைப்படாது. அழகப்பர் விட்டுப்போன நிலம் காரைக்குடியில் இருக்கிறது. அவர் 1957-ல் 48 வயதை எட்டுவதற்குள் இறந்தார். அதற்குள் கலைக்கல்லூரி, பொறியியல் கல்லூரி, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் என்று கொடுத்துத் தீர்த்திருந்தார். அவர் பெயரிலேயே உடற்கல்விக் கல்லூரியும் இருக்கிறது. அங்கிருந்து பயிற்சி முடித்து வெளியே வருபவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டர்களாக இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு நடுவர்களும் பயிற்சியாளர்களும் வேண்டுமென்றால் வெளியூரில் தேட வேண்டியதில்லை, வளாகத்திலேயே படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காரைக்குடியில் அழகப்பா அரசுக் கலைக்கல்லூரி, அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி. தேவகோட்டையில் சேவுகன் அண்ணாமலை கல்லூரி, ஆனந்தா கல்லூரி. திருப்பத்தூரில் ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரி. சிவகங்கையில் மன்னர் துரைசிங்கம் கல்லூரி. ஆறு கல்லூரி. தன் ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் இரண்டு தடவை மோதினால் பத்து சனிக்கிழமை, மொத்தம் 30 ஆட்டம். ஜூலையில் கல்லூரி திறந்து கொஞ்ச நாளில் ஆரம்பித்தால் மழைக்காலம் உச்சத்துக்குப் போவதற்குள் முடிந்துவிடும். பெண்களுக்கும் அதே அட்டவணை. 75 சதவீத அட்டெண்டன்ஸ் பிரச்சினையும் வராது, சனிக்கிழமைதானே? வேண்டுமானால் பரோவின் விதியை நாமும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்: அரியர் இல்லாதவனுக்குத்தான் சட்டை. அப்பா அம்மாக்களும் சமாதானமாவார்கள்.

செலவு என்று பார்த்தால் பஸ் டீசல், பந்து, நடுவர் படி, ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. இந்த நாலு ஊர்க்காரர்களும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு போன் போட்டால் பணம் அனுப்பும் கைகள் அவை. அழகப்பா பல்கலைக்கழகமும் இந்த ஆறு கல்லூரி முதல்வர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, வருகிற கல்வியாண்டுக்கு அட்டவணை ஒன்றை அச்சடித்து ஒட்டினால் போதும். முதல் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ப்பது நம் பொறுப்பு.